உயில் எழுதும் வழக்கறிஞர் யாருக்கு வேண்டியவர்?

உயில், தான செட்டில்மென்ட், வாரிசுரிமை ஆகியவற்றைப் பற்றியும், அவற்றையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர்களைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தென் மாவட்டம் ஒன்றில் நெடுங்காலமாகச் சொத்து வழக்குகளை நடத்திவரும் மூத்த வழக்கறிஞர் ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 81. உயில் எழுத வேண்டுமென்று அவரே கேட்டதால், எங்கள் ஊர் வழக்கறிஞரிடம் காரில் அழைத்துச் சென்றேன். அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அப்பாவிடம் முக்கால் மணி நேரம் தனியாகப் பேசினார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. கட்டணம் கொடுப்பவன் நான். இது முறையா, ஐயா?
வாசகர், விருதுநகர்

பதில்: முறைதான். பணத்தை யார் எண்ணிக் கொடுத்தாலும் அந்த அறையில் கட்சிக்காரர் உங்கள் தந்தை ஒருவரே. உங்கள் மீது நம்பிக்கையில்லாமல் வெளியே அனுப்பினார் என்று வருந்த வேண்டாம். பிற்காலத்தில் உங்களுக்கே வரக்கூடிய வழக்கை மனத்தில் வைத்துத்தான் அனுப்பியிருப்பார். உயில் வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது அதை எழுதியவர் உயிரோடு இருப்பதில்லை. ஆகவே அது எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்பதை நீதிமன்றம் துருவிப் பார்க்கிறது. வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா என்ற வழக்கில் உச்சநீதிமன்றம் வழங்கி, 1959ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதிகளில் இடம்பெற்ற தீர்ப்புதான் இன்றளவும் இந்தத் துறையின் அரிச்சுவடி. கையெழுத்து நடுங்கியிருந்தாலோ, எழுதியவரின் மனம் தளர்ந்திருந்தாலோ, இயல்பாகப் பங்கு பெற வேண்டியவர்கள் காரணமின்றி விலக்கப்பட்டிருந்தாலோ, உயிலால் பெரும் பயன் அடைபவரே அதை எழுதுவிப்பதில் முன்னின்றிருந்தாலோ, அந்தச் சந்தேகங்களை நீக்கும் பொறுப்பு உயிலை நீதிமன்றத்தில் முன்வைப்பவரையே சேரும் என்று அந்தத் தீர்ப்பு கூறுகிறது.

உங்கள் சகோதரி நாளை அந்த உயிலை எதிர்த்தால், அவருடைய வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் உங்களிடம் கேட்கப்போவதை இப்போதே சொல்லிவிடலாம். அன்று காரை ஓட்டியவர் யார், கட்டணம் செலுத்தியவர் யார், உயில் வாசகங்களைச் சொல்லும்போது அறைக்குள் இருந்தவர் யார் என்று கேட்பார். முதல் இரண்டுக்கும் 'நான்தான்' என்று சொல்வதில் பெரிய ஆபத்து இல்லை. மூன்றாவதற்கும் அதையே சொல்ல நேர்ந்திருந்தால், உயில் ஆட்டம் கண்டிருக்கும்.

அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன நடந்திருக்கும் என்பதையும் பொதுவாகச் சொல்கிறேன். பிள்ளைகள் எத்தனை பேர், காலமானவர் உண்டா, அவர்களுக்குக் குழந்தைகள் உண்டா, யாருக்கு ஏற்கெனவே என்ன கொடுத்திருக்கிறார் என்று கேட்போம். வீடு யார் பெயரில் உள்ளது என்று கேட்டால் பெரியவர்கள் பலர் பட்டாவை எடுத்து நீட்டுவார்கள். பட்டா வருவாய்த்துறையின் பதிவு; உரிமையை நிலைநாட்டுவது பத்திரம். தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனால், சுயசம்பாத்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும் நிலத்தில் பாதி பூர்வீகச் சொத்து என்று தெரியவருவது உண்டு. தன் பங்குக்கு மேல் ஒருவர் எழுதிவைத்தால், அந்த மிகுதிக்கு உயில் செல்லாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் இல்லையென்றால், ஏன் என்று நான் கட்டாயம் கேட்பேன். காரணத்தை அவர் சொல்லும் சொற்களிலேயே உயிலில் சேர்ப்பேன். 'அவளுக்குக் கல்யாணத்தில் செய்துவிட்டேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டு, சிறிது நேரம் பேசாமல் இருந்து, 'சரி, மேலத்தெரு வீட்டை அவளுக்கே எழுதுங்கள்' என்று மாற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த மாற்றம் நடந்திருக்காது.

'யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடனும் சுயநினைவுடனும்' என்ற வாசகம் எல்லா உயில்களிலும் இருக்கிறது. அச்சடித்த படிவத்தில்கூட இருக்கும் அந்த வரியை உண்மையாக்குவதற்காகத்தான் கதவைச் சாத்துகிறோம்.

மற்றபடி சட்டம் கேட்பவை குறைவே. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63ஆம் பிரிவின்படி, எழுதுபவர் கையொப்பமிட வேண்டும். அதை நேரில் கண்ட, அல்லது அது தன் கையொப்பம்தான் என்று அவர் சொல்லக் கேட்ட, குறைந்தது இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை, ஆனால் 81 வயதில் பதிவு செய்துவிடுவதே நல்லது. சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் நன்றாக இளையவர்களாகவும், தேடினால் கிடைக்கக்கூடியவர்களாகவும் இருக்கட்டும். உயிலை மெய்ப்பிக்க ஒரு சாட்சியாவது நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும் என்பது சட்டம். அப்பாவின் வயதையொத்த நண்பர்கள் இருவரைச் சாட்சியாக்கிவிட்டு, பிறகு மூவரின் இறப்புச் சான்றிதழ்களோடும் வரும் குடும்பங்கள் உண்டு.

கேள்வி: சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். கிரிமினல் வழக்குகளில் எனக்கு நாட்டமில்லை. உயில், வாரிசுரிமை ஆகியவற்றை மட்டும் நம்பித் தொழில் நடத்த முடியுமா? எதைப் படிக்க வேண்டும்?
வாசகி, திருச்சி

பதில்: உயிலை மட்டும் நம்பினால் சேம்பர் வாடகைகூடத் தேறாது. ஓர் உயிலுக்கு மக்கள் தரத் தயாராக இருக்கும் தொகை, அதற்குப் பின்னாலுள்ள உழைப்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இந்தியாவில் மரணச் சொத்து வரி 1985இலேயே நீக்கப்பட்டுவிட்டதால், வரியை மிச்சப்படுத்துவதற்காக உங்களிடம் வருபவர்களும் இருக்கமாட்டார்கள். ஆனால் உயிலைச் சுற்றியுள்ள வேலை ஏராளம். பாகப்பிரிவினை வழக்குகள், விடுதலைப் பத்திரம், தான செட்டில்மென்ட், வங்கிக் கடனுக்கான லீகல் ஒப்பீனியன் (பத்திரங்களைச் சரிபார்த்துத் தரும் சட்டக் கருத்து), வாரிசுரிமைச் சான்றுக்கான மனு, புரோபேட் (உயிலை மெய்யென்று நீதிமன்றம் உறுதிசெய்வது) ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே படிப்பு, ஒரே கண் போதும். முதல் சில ஆண்டுகள் ஒரு நல்ல சிவில் சீனியரிடம் ஜூனியராக இருந்து, பிறர் எழுதிய உயில்கள் குறுக்கு விசாரணையில் கிழிபடுவதைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் உயில் எழுத உட்காரக்கூடாது என்பது என் கருத்து.

படிப்பில், தனிநபர் சட்டங்கள் மூன்றிலும் தேர்ச்சி வேண்டும். ஒரே தெருவில் இந்துவுக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், கிறித்தவருக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், இசுலாமியருக்கு ஷரியத். இசுலாமியர் ஒருவர் ஈமச் செலவும் கடனும் போக மீதமுள்ள சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வசிய்யத் (உயில்) செய்தால், வாரிசுகளின் சம்மதமின்றி அந்த மிகுதி செல்லாது. இதை அறியாமல் முழுச் சொத்துக்கும் எழுதிக்கொடுத்த பத்திரங்களை இன்றும் காண்கிறேன். இந்துக் குடும்பங்களில் தேதிகளே வழக்கைத் தீர்மானிக்கும். தமிழ்நாடு தன் திருத்தத்தின் மூலம் 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் மணமாகாத மகள்களைக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்காளிகளாக ஆக்கியது. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. நம் மாநிலத்திலிருந்தே சென்ற அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கில், 1949இல் காலமான ஒருவரின் தனிச் சொத்து அவருடைய ஒரே மகளுக்கே உரியது என்று 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 73 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மரணத்தின் கணக்கு அன்றுதான் முடிந்தது. 'நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாகிவிட்டதே' என்று அண்ணன்மார் சொல்லும்போது, இந்தத் தேதிகளைக் கோபமில்லாமல் எடுத்துச்சொல்ல நீங்கள் பழகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, பழைய பத்திரங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குழி, மா என்ற பழைய நில அளவைக் கணக்கும், செக்குபந்தி என்ற நான்கெல்லை விவரமும், கூட்டெழுத்தும் சட்டக் கல்லூரியில் சொல்லித்தரப்படுவதில்லை. உங்கள் ஊரில் ஒரு வயதான பத்திர எழுத்தர் இருந்தால் அவரிடம் போய் உட்காருங்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகிவிட்டார், குழந்தைகள் இல்லை. என் சம்பளத்தில் கட்டிய வீடு என் பெயரில் உள்ளது. என்னைப் பார்த்துக்கொள்பவள் என் தங்கை. எனக்குப் பின் வீடு தானாகவே அவளுக்குப் போய்விடும் அல்லவா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: போகாது, அம்மா. இந்த இதழில் உடனே செயல்பட வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். இந்து வாரிசுரிமைச் சட்டம், 15ஆம் பிரிவின்படி, உயில் எழுதாமல் காலமாகும் இந்துப் பெண்ணின் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சேரும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெண்ணைப் பெற்ற தாய் தந்தையர் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். உடன்பிறந்தவர்கள் தந்தையின் வாரிசுகள் என்ற முறையில் அவர்களுக்கும் பின்னால் நிற்கிறார்கள். பெற்றோரிடமிருந்து வாரிசாகக் கிடைத்த சொத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. உங்கள் சம்பாத்தியத்துக்கு அது பொருந்தாது.

இதன் கடுமையை 2009இல் உச்சநீதிமன்றம் தீர்த்த ஓம் பிரகாஷ் எதிர் ராதா சரண் வழக்கில் காணலாம். திருமணமான மூன்று மாதங்களுக்குள் கணவரைப் பாம்புக்கடியில் இழந்து, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பெண், பிறந்த வீட்டின் ஆதரவில் படித்து, வேலைக்குப் போய், சேமித்து, உயில் எழுதாமலே காலமானார். அந்தச் சேமிப்பு முழுவதும் கணவருடைய சகோதரியின் மகன்களுக்கே சேரும் என்று தீர்ப்பாயிற்று. சட்டம் தெளிவாக இருக்கும்போது இரக்கத்துக்கு இடமில்லை என்று நீதிமன்றம் கருதியது. இந்தப் பிரிவு மாற்றப்பட வேண்டும் என்று பலர் எழுதியும் பேசியும் வருகிறார்கள். நானும் அவ்வாறே கருதுகிறேன். அது மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் யாருக்கு லாபம் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாத பெண்கள் வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டம் பெண்களுக்கு வருமான வரம்பின்றியே இலவச உதவி அளிக்கிறது. தொலைபேசி எண் 15100.

கேள்வி: என் மகள் கலிஃபோர்னியாவில் சட்டம் படித்து முடிக்கப் போகிறாள். எஸ்டேட் பிளானிங் அட்டர்னி ஆகப் போவதாகச் சொல்கிறாள். 'உயில் எழுதிக் கொடுப்பதற்கா இத்தனை லட்சம்?' என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அங்கே அது என்ன வேலை?
வாசகர், காரைக்குடி

பதில்: உறவினர்களிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் ஒருவர் உயில் மட்டும் எழுதிவைத்துவிட்டு, 10 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு வீட்டை விட்டுக் காலமானால், அது புரோபேட் நீதிமன்றம் வழியாகத்தான் வாரிசுகளுக்கு வரும். வழக்கறிஞருக்கான கட்டணத்தைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது: முதல் 1 லட்சத்துக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3 சதவீதம், அடுத்த 8 லட்சத்துக்கு 2 சதவீதம். மொத்தம் 23,000 டாலர். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவரும் அதே தொகையைக் கேட்கலாம். வீட்டின் மீதுள்ள கடனைக் கழிக்காமல் முழு மதிப்புக்கும் கணக்கிடுவார்கள் என்பது இன்னும் வேடிக்கை. இதைத் தவிர்க்கத்தான் அங்கே உயிரோடு இருக்கும்போதே லிவிங் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை போன்ற ஏற்பாட்டைச் செய்து, வீட்டை அதன் பெயருக்கு மாற்றுகிறார்கள். பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, வீட்டை மாற்ற மறந்துவிட்டால் டிரஸ்ட் வெறும் காகிதமாகிவிடும் என்பதால், உங்கள் மகளின் வேலையில் பாதி இந்தப் பின்தொடர்தல்தான்.

அவளிடம் வரப்போகும் நம்மவர்களின் கவலை பெரும்பாலும் பணம் பற்றியதாக இருக்காது. தாய், தந்தை இருவரும் ஒரே விபத்தில் போய்விட்டால் சிறு குழந்தைகளை அன்றிரவு யார் கையில் ஒப்படைப்பது என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. பாட்டி கோயம்புத்தூரில் இருந்தால் விசா பெற்று வந்துசேர நாளாகும். ஆகவே அருகில் வசிக்கும் ஒருவரைத் தற்காலிகக் காப்பாளராகவும், ஊரிலுள்ளவரை நிரந்தரக் காப்பாளராகவும் எழுதிவைப்பார்கள். மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கும்போது முடிவெடுப்பவர் யார் என்பதற்கு ஒரு பத்திரம், வங்கிக் கணக்கைக் கையாள்பவர் யார் என்பதற்கு ஒரு பவர் பத்திரம். மத்திய மரணச் சொத்து வரி 2026 முதல் ஒருவருக்கு 1.5 கோடி டாலருக்கு மேல்தான் விழுகிறது என்பதால், பெரும்பாலோருக்கு அது பிரச்சினையே அல்ல. ஆனால் குடியுரிமையும் அங்கே நிலையான வசிப்பும் இல்லாதவருக்கு விலக்கு வெறும் 60,000 டாலர். காரைக்குடியில் இருந்துகொண்டு உங்கள் பெயரில் அமெரிக்க நிறுவனப் பங்குகளை வாங்கிவைத்திருந்தால், அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 40 சதவீதம் வரை வரி வரக்கூடும். இதை மகளிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே வசிப்பவர்கள் இந்தியாவிலுள்ள நிலத்துக்கென்று தனியாக ஓர் உயில் எழுதிவைப்பது நல்லது. ஆனால் அமெரிக்க உயிலில் 'இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தும் ரத்து' என்ற வழக்கமான வாசகத்தை அப்படியே போட்டுவிட்டால், இங்கே எழுதிய உயிலும் சேர்ந்து ரத்தாகும். இரு நாட்டு வழக்கறிஞர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்காத குடும்பங்களில் இது நடக்கிறது.

கேள்வி: உங்களைப் போன்றவர்களை ஓய்வூதியர் சங்கக் கூட்டங்களிலும் தேவாலய மண்டபங்களிலும் பேசப் பார்க்கிறேன். இதெல்லாம் கட்சிக்காரர் பிடிக்கும் வழிதானே?
வாசகர், நாகர்கோவில்

பதில்: சந்தேகப்படுவதில் தவறில்லை. இந்தியாவில் வழக்கறிஞர் விளம்பரம் செய்யவோ, ஆள் வைத்துக் கட்சிக்காரர் பிடிக்கவோ பார் கவுன்சிலின் 36ஆம் விதி தடை விதிக்கிறது. பெயர்ப்பலகைகூட அளவோடு இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1977இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியதால், அங்கே இத்தகைய கூட்டங்களை வழக்கறிஞர்களே நடத்தி, முடிவில் கார்டு கொடுக்கிறார்கள். கூடவே, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் தொடங்கிய ஓர் ஏற்பாட்டின்படி, தீயணைப்பு வீரர்களுக்கும் காவலர்களுக்கும் இலவசமாக உயில் எழுதித் தருகிறவர்களும் அவர்களில் உண்டு. ஆண்டுக்கு 50 மணி நேரமாவது இலவசமாக உழைக்க வேண்டுமென்பது அங்குள்ள வழக்கறிஞர் சங்கத்தின் முன்மாதிரி விதி.

நான் கூட்டங்களுக்குக் கார்டு கொண்டுபோவதில்லை; யாருடைய பத்திரத்தையும் அங்கே பிரித்துப் பார்ப்பதுமில்லை. பொதுவாக எல்லா ஊர்களிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: வங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே, அது போதாதா? போதாது. நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர். உரிமையாளர் வாரிசுதான் என்று பங்குகள் தொடர்பான வழக்கில் 2023இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பி, மூத்த மகனை மட்டும் நாமினியாகப் போட்டிருந்தவர் மற்றப் பிள்ளைகளையும் நினைத்துப் பார்த்தால், கூட்டம் நடத்தியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

கேள்வி: வீட்டை மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிட்டேன். இப்போது சாப்பாடு போடுவதில்லை. திரும்பப் பெற முடியுமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், 23ஆம் பிரிவின்படி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022இல் உச்சநீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியோரைக் காக்கவே வந்த சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. உங்கள் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனி எழுதப்போகிறவர்களுக்கு: செட்டில்மென்ட் எழுதியவுடன் உரிமை கைமாறிவிடும், உயிலை மூச்சுள்ளவரை மாற்றலாம்.

கேள்வி: நன்றியுள்ள கட்சிக்காரர் தன் உயிலில் வழக்கறிஞருக்கே ஒரு மனை எழுதிவைத்தால் ஏற்கலாமா?
வாசகர், ஈரோடு

பதில்: தான் எழுதும் உயிலில் கூடாது. அவர் பிடிவாதமாக இருந்தால் வேறொரு வழக்கறிஞரிடம் அனுப்பிவிட வேண்டும். உறவினரல்லாத கட்சிக்காரரிடமிருந்து தனக்கே பெரும் பரிசு வரும்படி வழக்கறிஞர் பத்திரம் தயாரிப்பதை அமெரிக்காவின் முன்மாதிரி விதிகள் நேரடியாகவே தடுக்கின்றன. இங்கே, முதல் பதிலில் சொன்ன 1959ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றே அந்த உயிலைச் சந்தேகத்துக்குள்ளாக்கப் போதுமானது.

கேள்வி: சிறிய ஊரில் எல்லாருடைய உயிலும் தெரிந்த நீங்கள், கல்யாண வீடுகளில் அவர்களோடு எப்படிப் பழகுகிறீர்கள்?
வாசகர், தேனி

பதில்: பந்தியில் பக்கத்து இலையில் இருப்பவருக்குத் தன் பெரியப்பாவின் உயிலில் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கும், அவர் சாம்பார் வாளியைக் கூப்பிட்டு எனக்கு ஊற்றச் சொல்வார். கட்சிக்காரர் சொன்னதை அவருடைய அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு, அவர் நம்மிடம் வருவதை நிறுத்திய பிறகும் தொடர்கிறது. என் வீட்டிலும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. சங்கடம் வருவது வேறோர் இடத்தில்: பெரியவர் காலமான பிறகு இரு தரப்பும் என்னையே வழக்கு நடத்தக் கேட்டு வருவார்கள். உயிலில் சாட்சியாக நானே கையொப்பமிட்டிருந்தால் அந்த வழக்கில் வக்காலத்து போட முடியாது. சாட்சி சொல்லக்கூடும் என்று தெரிந்த வழக்கை வழக்கறிஞர் ஏற்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே இரு தரப்பையும் வேறு வழக்கறிஞர்களிடம் அனுப்பிவிட்டு, சம்மன் வரும்போது போய்ச் சாட்சிக்கூண்டில் நிற்பேன்.